குளிர்மலையிலிருந்து வெயில் தீவுக்கு

பல ஆண்டுகளாக மார்கழி மாதத்தில் எங்கள் பதுளைப் புகைவண்டி நிலையத்திலே நான் கண்டுவந்த காட்சி ஒன்று உண்டு. அறுபது வயதைத் தாண்டிய வெள்ளைக்காரத் தம்பதிகள், முதுகிலே மூட்டையும் தலையிலே தொப்பியுமாக வண்டியிலிருந்து இறங்குவார்கள். தங்கள் நாட்டில் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள்; அங்கே பனி கொட்டும் காலத்தில் வெயிலைத் தேடிப் புறப்பட்டவர்கள். இவர்களைப் போன்றோரிற் பலர் உல்லாசக் கப்பலேறிக் கரீபியன் தீவுகளுக்கும் கனேரித் தீவுகளுக்கும் போகிறார்கள். ஒரு பகுதியினர் நம் நாட்டுக்கு வருகிறார்கள். அவர்கள் மனத்திலே இலங்கை என்பது முழுவதும் ஒரு வெயில் தீவு.

அந்த வெயில் தீவின் நடுவே, அதே மார்கழியில், கொங்காணியைத் தலையிற் போட்டுக்கொண்டு குளிரில் நடுங்கியபடி கொழுந்து பறிக்கும் பெண்களையும் அவர்கள் வண்டி ஜன்னல் வழியே பார்த்திருப்பார்கள். ஊவாவுக்கு இரண்டு முகங்கள். ஆடி, ஆவணி மாதங்களில் மலைகளைத் தாண்டி வறண்ட காற்று வீசும். அந்தக் காற்றிலேதான் உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தந்த மணம் கொழுந்திலே ஏறுகிறது. ஐப்பசி பிறந்ததும் வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிடும். நமுனுகுல மலை நாட்கணக்கில் முகிலுக்குள் மறைந்துபோகும். லயத்துக் காம்பராவில் துணி காயாது, விறகு எரியாது, கிழவர்களுக்கு இருமல் நிற்காது.

இந்தக் குளிரிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு தொழிலாளியும் அவர் மனைவியும், கலியாணம், சாவு, ஆஸ்பத்திரி என்ற காரணம் எதுவுமின்றி, பார்த்து மகிழ்வதற்காக மட்டும் ஒரு வெயில் தீவுக்குப் பிரயாணம் போவதுண்டா? என் அனுபவத்தில் ஒரே ஒரு தடவை கண்டிருக்கிறேன். அவர்கள் என் சித்தப்பாவும் சின்னம்மாவும்.

நமுனுகுல மலைச்சாரலில் ஒரு தோட்டம். அங்கே சித்தப்பா நாற்பத்திரண்டு வருஷம் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர். சின்னம்மா பதினாலு வயதிலே கூடையைத் தூக்கி, நாற்பத்து மூன்று வருஷம் கொழுந்தெடுத்தவர். என் தகப்பனார் நான் சிறு பையனாக இருந்தபோதே இறந்துவிட்டார். நான் படித்துப் பட்டம் பெற்று ஒரு கல்லூரியிலே கற்பிக்கிறேன் என்றால், அதில் அவர்களுடைய நாட்கூலி கலந்திருக்கிறது. 2018ஆம் ஆண்டின் நடுவில் சித்தப்பா ஓய்வு பெற்றார். சின்னம்மா அதற்கு முந்தின வருஷமே நின்றுவிட்டார். ஊழியர் சேமலாப நிதிப் பணம் கைக்கு வந்ததும், அதிலே இருபத்தையாயிரம் ரூபாயைத் தனியே எடுத்து ஒரு டப்பாவிற் போட்டு, “மார்கழி லீவுக்கு எங்களைக் கடலுக்குக் கூட்டிக்கிட்டுப் போ தம்பி” என்றார் சித்தப்பா.

லயத்திலே பெரிய விவாதம் எழுந்தது. காம்பராவின் கூரைத் தகரம் துருப்பிடித்து இரண்டிடத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. தகரம் வாங்க வேண்டிய பணத்தைத் தண்ணீரிலே கொட்டுவதா என்று உறவினர்கள் கேட்டார்கள். இன்னொரு சங்கடமும் இருந்தது. அந்த மார்கழியில்தான் தோட்டத் தொழிலாளர் ஆயிரம் ரூபாய் அடிப்படை நாட்கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். அப்போது அடிப்படைக் கூலி 500 ரூபாய். 2019 ஜனவரியில் அது 700 ஆயிற்று. ஆயிரம் என்ற எண்ணைக் காண 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஊர் அப்படி இருக்கையில் உல்லாசப் பிரயாணமா என்று எனக்குங்கூட மனம் உறுத்தியது. சித்தப்பா அதிகம் பேசுகிறவரல்லர். “தகரம் அடுத்த வருஷமும் கடையில கிடைக்கும்” என்றார். அத்தோடு விவாதம் முடிந்தது. 2022இல் அவர் காலமானபோது அந்த வார்த்தை எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது.

கடல் என்றால் ஏன் அவர்களுக்கு அத்தனை ஆசை? ஆசை சின்னம்மாவுடையது. அவருடைய தாயார் ஏழு வயதுச் சிறுமியாக, 1930களின் பிற்பகுதியில், மண்டபம் முகாமிலே தங்கவைக்கப்பட்டு, தனுஷ்கோடியிலே கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கியவர். 1914இல் தொடங்கிய அந்தக் கப்பற் சேவை வருவதற்கு முன் வந்தவர்கள் பாடு இன்னும் கொடியது. தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து, வழியிலேயே காய்ச்சலிலும் பேதியிலும் மாண்டவர்கள் ஏராளம். 1964 டிசம்பர்ப் புயலிலே தனுஷ்கோடி அழிந்தது. அதே ஆண்டு ஒக்டோபரிலேதான் ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தமும் கைச்சாத்தாயிற்று. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகத் தமிழரில் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று இரண்டு அரசாங்கங்களும் கணக்குத் தீர்த்துக்கொண்டன. எஞ்சிய 150,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். அந்தக் கணக்கிலே சின்னம்மாவின் மூத்த அண்ணன் இந்தியாவின் பக்கம் விழுந்தார். 1973இல் பதுளை நிலையத்தில் அவரை வழியனுப்பியபோது சின்னம்மாவுக்குப் பதின்மூன்று வயது. அவர் இராமேஸ்வரத்தில் இறங்கி நீலகிரிக்குப் போய், இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாட்டு அரசு அமைத்த தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சில வருஷங்கள் கடிதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது.

தாய் தாண்டி வந்த கடல். அண்ணன் தாண்டிப் போன கடல். நாற்புறமும் கடல் சூழ்ந்த நாட்டிலே பிறந்து ஐம்பத்தெட்டு வயதாகியும் சின்னம்மா அதைப் பார்த்ததில்லை.

டிசம்பர் 27ஆம் திகதி விடியற்காலை வண்டியில் புறப்பட்டோம். பதுளை இருப்புப் பாதையின் கடைசி நிலையம். கொழும்பிலிருந்து சுமார் 290 கிலோமீட்டர் மலையேறி வந்த பாதை 1924இல் இங்கே முடிந்தது. எங்களுக்கோ அதுதான் தொடக்கம். ஹாலிஎலையைக் கடந்து தெமோதரையை நெருங்கும்போது வண்டி ஒரு சுரங்கத்துள் நுழைந்து, வெளிவந்து, மலையை ஒரு முழு வட்டம் சுற்றி, அந்தச் சுரங்கத்துக்கு நேர் மேலேயுள்ள நிலையத்திலே போய் நிற்கிறது. இந்த வளைவுக்கு வழி காணாமல் பொறியியலாளர் திகைத்து நின்றபோது, தோட்டத்துக் கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றிக் கட்டியதைக் கண்டு யோசனை பிறந்ததென்று எங்கள் பக்கத்திலே கதை சொல்வார்கள். சரித்திரமோ கற்பனையோ, பாதை போட்ட கைகளில் எங்கள் கைகளும் உண்டென்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு அந்தக் கதை வேண்டியிருக்கிறது.

எல்ல, பண்டாரவளை, தியத்தலாவை கடந்து அப்புத்தளை வந்தது. வானம் தெளிந்த நாளில் அங்கிருந்து பார்த்தால் தெற்கே சமவெளி முழுவதும் விரிந்து, அதன் ஓரத்திலே கடல் ஒரு கோடாகத் தெரியும் என்பார்கள். சின்னம்மா ஜன்னலில் முகத்தைப் பதித்துக்கொண்டு பார்த்தார். மூடுபனியைத் தவிர ஒன்றுமில்லை. பட்டிப்பொலை உச்சியைத் தாண்டி வண்டி இறங்க இறங்கச் சித்தப்பா கம்பளிச் சட்டையைக் கழற்றினார். பொல்காவலைச் சந்தியில் இறங்கியபோது இருவருக்கும் வியர்த்திருந்தது. அது அவர்களுக்குப் பெரிய வேடிக்கையாயிருந்தது.

இரவு யாழ்ப்பாண வண்டி. கிளிநொச்சியை நெருங்குகையில் தேய்பிறை நிலவு மேலே நின்றது. ஒரு வாரத்துக்கு முன்புதான் இரணைமடுக் குளம் நிரம்பி அந்தப் பகுதியெங்கும் வெள்ளம் பாய்ந்திருந்தது. வயல்களில் இன்னும் நீர் பளபளத்தது. அங்கே வெள்ளத்தில் நனைந்தவர்களிற் பலர் எங்கள் மலைகளிலிருந்து போனவர்களின் பிள்ளைகள். 1958இலும் 1977இலும் 1983இலும் கலவரங்களுக்குத் தப்பி வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறியவர்கள். சின்னம்மா விழித்துக்கொண்டிருந்து, தோட்டத்திலிருந்து அப்படிப் போன குடும்பங்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

யாழ்ப்பாணத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சொல்லாவிட்டால் மிச்சக் கதை விளங்காது. நகரத்திலே ஒரு விடுதிக்குப் போனோம். வாசலில் இருந்தவர் சின்னம்மாவின் பேச்சைக் கேட்டுவிட்டு, “தோட்டத்து ஆக்களோ? அறை ஒண்டும் இல்லை” என்றார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. நான் பட்டதாரி என்றும் கல்லூரி ஆசிரியன் என்றும், இதற்கென்றே மாற்றிக்கொண்ட சுத்தத் தமிழில் சொன்னேன். அறை கிடைத்தது. நாற்காலிகூடப் போட்டார்கள். மாடிப்படி ஏறும்போது சின்னம்மா மெதுவாகக் கேட்டார்: “நீ வாத்தியாருன்னு சொன்னே, சரி. நாங்க யாருன்னு ஏன் தம்பி சொல்லல?” நான் பதில் சொல்லவில்லை.

மறுநாள் காலை பண்ணைப் பாலத்தின் வழியே பஸ் சென்றது. இருபுறமும் நீர். “இதுதான் கடலா?” என்று ஆவலோடு எழுந்தார் சின்னம்மா. அங்கே ஒருவர் முழங்காலளவு நீரில் நின்று வலை இழுத்துக்கொண்டிருந்தார். அது கடல்நீரேரி என்று விளக்கினேன். “நம்ம தோட்டத்து ஆறே இதைவிட ஆழம்” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். வேலணை கடந்து, புங்குடுதீவு கடந்து, குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்றபோதுதான் மெய்யான கடல் எதிர்ப்பட்டது. பெரிய வார்த்தை எதையும் அவர் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். கோயில் வாசலில் செய்வதுபோல.

முதல் நாள் நயினாதீவு. படகிலே இருபது நிமிடம். நாகபூஷணி அம்மனைத் தரிசித்துவிட்டு, சற்றுத் தள்ளியுள்ள நாகதீப விகாரைக்கும் நடந்தோம். புத்தர் இலங்கைக்கு மூன்று முறை வந்தார் என்பது பௌத்தர்களின் ஐதீகம். முதல் முறை மகியங்கனை, இரண்டாம் முறை நாகதீபம். மூன்றாம் முறை வந்தபோது கால் பதித்த தலங்களில் ஒன்று பதுளையிலுள்ள முதியங்கனை விகாரை. எங்கள் வீட்டுச் சந்தைக்குப் போகும் வழியிலே நாள்தோறும் பார்க்கும் விகாரைக்கும் இந்தத் தீவுக்கும் அப்படியோர் உறவு இருப்பதைச் சொன்னபோது, “அப்ப அவருக்கு நம்ம ஊரு தெரியும்” என்றார் சித்தப்பா.

அடுத்த நாள் காற்று பலமாயிருந்தபடியால் நெடுந்தீவுக்குப் படகு விடவில்லை. மார்கழியிலே பாக்கு நீரிணை யாருக்கும் கட்டுப்படாது. தீவுக்குப் போகும் மாணவர்கள் இதை மனத்திற் கொண்டு ஒரு நாளை அதிகமாக வைத்துக்கொள்வது நல்லது. டிசம்பர் 31ஆம் திகதி புறப்பட்டோம். ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம். அரிசி மூட்டை, மண்ணெண்ணெய்க் கலன், கட்டிலின் சட்டம், பாடசாலைப் பிள்ளைகளுக்கான கொப்பிகள் இவற்றுக்கிடையே மனிதர்கள். ஒவ்வொரு அலைக்கும் படகு எழும்பி விழ, உப்புநீர் முகத்திலே அடித்தது. நான் வாந்தியெடுத்தேன். சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டார். வழுக்கு மலையிலே இருபது கிலோக் கூடையோடு ஏறி இறங்கிப் பழகிய சின்னம்மாவோ காலை அகற்றிவைத்து ஒரு கம்பியைப் பிடித்தபடி உறுதியாக நின்றார்.

இதே கடற்பாதையில் 1985 மே 15ஆம் திகதி குமுதினி என்ற படகை வழிமறித்து, அதிற் சென்ற பெண்கள், குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். எங்களோடு வந்த முதியவர் ஒருவர் அதைச் சொன்னார். சொல்லிவிட்டுக் கரை வரும்வரை பேசவில்லை.

நெடுந்தீவு சுமார் ஐம்பது சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தட்டையான நிலம். மலையே பார்த்த கண்ணுக்கு அந்தத் தட்டைதான் அதிசயம். “ஏறவும் வேணாம், இறங்கவும் வேணாம்” என்று சித்தப்பா கைகளை வீசி நடந்தார். வீதியின் இருபுறமும் சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் முருகைக் கற்களை அடுக்கியே கட்டிய வேலிகள், பனங்கூடல்கள், ஒல்லாந்தர் கோட்டையின் இடிந்த சுவர், ஆபிரிக்காவுக்குரிய பெருக்கு மரம் ஒன்று, ஆட்கள் புகுந்து நிற்கத்தக்க பொந்தோடு. மேற்குப் பக்கத்துப் புல்வெளியிலே கட்டைக் குதிரைகள் கூட்டமாக மேய்ந்தன. ஐரோப்பியர் கொண்டுவந்து வளர்த்துவிட்டுப் போன குதிரைகளின் சந்ததி. இன்று அவற்றுக்கு எசமானர் இல்லை. “துரைமார் போனப்புறம் இதுங்களாவது சுதந்திரமா இருக்கு” என்று சொல்லிச் சித்தப்பா சிரித்தார்.

வெயில் ஏறியது. குடிக்கத் தண்ணீர் கேட்டு ஒரு வீட்டின் படலையைத் தட்டினோம். சின்னம்மாவின் வயதுடைய அம்மா ஒருவர் வந்தார். “வாங்கோ, இருங்கோ. எவடத்து ஆக்கள்?” என்றார். நான் வாயைத் திறக்குமுன் சின்னம்மா சொன்னார்: “நாங்க தோட்டத்து ஆளுங்கம்மா. பதுள. கொழுந்து எடுக்கிறவங்க.”

அந்த அம்மா ஒரு கணம் உற்றுப் பார்த்தார். எனக்கு விடுதி வாசல் நினைவுக்கு வந்தது. “அப்ப தேயிலை பார்த்த ஆக்கள்!” என்றார் அவர். “நான் பிறந்த நாளிலையிருந்து தேத்தண்ணி குடிக்கிறன், தேயிலை மரத்தை ஒருநாளும் கண்டதில்லை. அது பனை அளவு வருமோ?”

பிறகு நடந்ததுதான் அந்தப் பிரயாணத்திலே எனக்கு மறக்க முடியாத பகுதி. சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் தொழிலைப் பற்றி அவரை யாரும் அதுவரை விசாரித்ததில்லை, நானுந்தான். விட்டுவிட்டால் தேயிலை மரமாகவே வளர்ந்துவிடும், அதை இடுப்பளவிலே நிறுத்திவைப்பது கத்தி என்றார். மூன்று நாலு வருஷத்துக்கொருமுறை கவ்வாத்து வெட்ட வேண்டும். வெட்டு சாய்வாக விழவேண்டும், இல்லாவிட்டால் மழைநீர் தங்கி வாது அழுகும். வெட்டிய மலை சில வாரம் சுடுகாடு மாதிரி இருக்கும், பிறகு ஒரு நாள் காலையில் போனால் செந்தளிர் விட்டிருக்கும் என்று, எழுந்து நின்று கையிலே கத்தி இருப்பதுபோல வீசிக் காட்டினார். அந்த அம்மாவும் அவருடைய பேரப்பிள்ளைகளும் வாய் திறந்து பார்த்தார்கள். நானும் மாணவனாகத் தரையிலே உட்கார்ந்திருந்தேன்.

சின்னம்மா தம் பையிலிருந்து தோட்டத்துத் தேயிலைத் தூள் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். உடனே அடுப்பு மூட்டி, சாயம் ஊற்றி, ஆளுக்கொரு துண்டு பனங்கட்டியோடு கொண்டுவந்தார்கள். சின்னம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, “தண்ணி உப்புக் கரிக்குது. ஆனா தேயில நம்ம தேயிலதான்” என்றார். வீட்டுக்கார அம்மா சிரித்தார். “இது மாரித் தண்ணி, எங்களுக்கு இதுதான் நல்ல தண்ணி. கோடையிலை வந்து குடிச்சுப் பாருங்கோ!” நன்னீர் அங்கே எத்தனை அருமை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். எங்களுக்குத் தந்த இரண்டாவது குவளையைக் குற்ற உணர்ச்சியோடு குடித்தேன்.

படகு திரும்புவதற்குச் சிறிது நேரம் இருந்தது. தெற்குப் பக்கத்துக் கரைக்குப் போனோம். இந்தியா எந்தப் பக்கம் என்று சின்னம்மா கேட்டார். கைநீட்டிக் காட்டினேன். இராமேஸ்வரம் அங்கிருந்து நாற்பது கிலோமீட்டருக்கும் கிட்டத்தான், கண்ணுக்குத் தெரியாது. “அம்மா வந்தது இதிலயா?” என்றார். தலைமன்னார்ப் பாதை இன்னும் தெற்கே என்று பாடம் சொல்லத் தொடங்கி, நிறுத்திக்கொண்டேன். அவர் சேலையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு முழங்கால் நனையும் வரை இறங்கி, நெடுநேரம் நின்றார். முந்தானையில் எப்போதும் முடிந்துவைத்திருக்கும் அடையாள அட்டையை ஈரம் படாமல் ஒரு கையால் உயர்த்திப் பிடித்திருந்தார். அண்ணன் பெயரைச் சொன்னாரோ என்னவோ, காற்றிலே எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்து, “தண்ணி சூடா இருக்கு” என்று மட்டும் சொன்னார்.

2019 ஜனவரி முதலாந் திகதி பதுளையில் இறங்கியபோது மழை கொட்டியது. லயத்துக்குப் போய்ச் சேர இருட்டிவிட்டது. கூரை ஒழுகும் மூலையிலே வாளியை வைத்துவிட்டு, சின்னம்மா பனங்கட்டியை உடைத்து எல்லாக் காம்பராக்களுக்கும் ஒவ்வொரு துண்டு கொடுத்தனுப்பினார். தகரம் வாங்கச் சொல்லிச் சண்டை பிடித்த பக்கத்துக் காம்பராக்காரி வந்து, தன் துண்டை வாயிலே அடக்கிக்கொண்டு, “கடலு எப்படிடி இருந்திச்சு?” என்று கேட்டாள்.

சின்னம்மா சிறிது யோசித்தார். “குறிகட்டுவான்ல காலையிலே படகு. நேரத்தோட போகணும், இல்லாட்டி எடம் கிடைக்காது” என்றார்.